ஆடு தின்ற இலை

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் அமீரகத்தில், ஃபுஜைராவில் ஒரு தோட்ட வேலை கம்பெனியில் இருந்தேன். வீடுகளில் மரம் கழிப்பது, பட்டுப்போனதை வெட்டி அகற்றுவது, வேரைத் தோண்டி எடுப்பது, இதுதான் வேலை. சுற்றிலும் மொட்டை மலை, புல் முளைக்காத பாறை. அங்கே மரம் வெட்ட ஆள் எதற்கு என்று ஊரில் சிரித்தார்கள். வந்து பார்த்தால் மலையடிவாரத்து வீடு ஒவ்வொன்றிலும் நாலைந்து மரமாவது நின்றது. மழை இல்லாத வருடங்களில் அவை காய்ந்து, கிளை முறிந்து கூரை மேல் விழும். அதனால் எங்களுக்கு வேலை குறைவில்லாமல் இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம். சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பிழைத்த குடும்பம். அடிமரத்தைப் பார்த்தே எத்தனை மூட்டை கரி தேறும் என்று சொல்லிவிடுவேன். சோறு போட்டது அந்த மரம்தான்; ஆனாலும் அதைக் கண்டால் எங்களுக்கு ஆகாது. நிலத்துத் தண்ணீரையெல்லாம் அதுதான் குடிக்கிறது என்று திட்டிக்கொண்டே வெட்டுவோம். ஃபுஜைராவில் வந்து இறங்கிய அன்றே ரோட்டோரத்தில் அதே சீமைக் கருவேல் நிற்பதைப் பார்த்தேன். “நீ இங்கேயும் வந்துட்டியா?” என்று கேட்காத குறைதான். முதல் இரண்டு மாதம் கம்பெனி என்னை அனுப்பிய இடங்களில் பெரும்பாலும் அதைத்தான் வெட்டினேன். எங்கள் ஃபோர்மேன், ஒரு பாகிஸ்தான் பட்டாணியர், என்னை ‘மரத்து டாக்டர்’ என்று கேலி செய்வார். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

அன்று போன வீடு மசாஃபி போகும் மலைப்பாதையில் இருந்தது. என்னோடு வந்தவன் இலங்கைத் தமிழன், முல்லைத்தீவுக்காரன், என் வயதுதான். வீட்டுக்காரர் ஓர் அரபி. துறைமுகத்தில் உத்தியோகம். துபாயில் கடலோரமாக வளர்ந்தவர். மலைக்காற்றுக்கு ஆசைப்பட்டு அந்த வீட்டை வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஊரில் இப்படிப்பட்டவர்களை முதலாளி என்ற அர்த்தத்தில் ‘அர்பாப்’ என்றுதான் கூப்பிடுவோம். முற்றத்தில் ஒரு பெரிய மரம். அதன் பட்ட கிளை ஒன்று சமையலறைக் கூரைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்தது. தூசி படிந்து வாடி நின்ற அந்த மரத்தை வாசலில் நின்றபடியே பார்த்தேன். சின்னச் சின்ன இலை, முள், காய். முடிந்தது, சீமைக் கருவேல்தான். “அர்பாப், கிணத்துல தண்ணி எப்படி?” என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். இறங்கிக்கொண்டே போகிறது என்றார். உடனே எனக்குள் இருந்த டாக்டர் எழுந்துவிட்டார். இந்த மரம்தான் குடிக்கிறது, எங்கள் ஊரையே கெடுத்தது இதுதான், வேரோடு எடுத்தால்தான் உங்கள் கிணறு பிழைக்கும் என்று கையைக் காலை ஆட்டி ஒரு பிரசங்கம் செய்தேன்.

அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “பக்கா மாலும்?” என்றார். நிச்சயமாகத் தெரியுமா என்று அர்த்தம். நான் மார்தட்டாத குறையாக, “பக்கா, அர்பாப்” என்றேன். கொஞ்சம் யோசித்தார். சரி, எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

கரிமூட்டக்காரன் மேலே ஏறி நேரத்தைக் கெடுக்கமாட்டான். அடிமரத்தில்தான் கை வைப்பான். வழியை மறித்த ஒரு தாழ்ந்த கிளையை மட்டும் வெட்டிக் கீழே போட்டோம். கயிற்றை வீசி உச்சிக் கிளையில் மாட்டி, சமையலறைக்கு எதிர்ப்பக்கம் முற்றத்தில் சாயும்படி, மெஷின் ரம்பத்தால் அடிமரத்தில் ஆப்பு வடிவில் வாய் எடுத்தேன். மூன்றில் ஒரு பங்கு உள்ளே போயிருக்கும். ரம்பத்தின் பல் மழுங்கிவிட்டது. பல்லுக்கு அரம் போடலாம் என்று நிழலில் உட்கார்ந்தோம்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து யாரோ வந்து ஆட்டுப்பட்டியைத் திறந்துவிட்டார்கள். ஏழெட்டு ஆடுகள். நேராக ஓடி வந்து, நாங்கள் வெட்டிப் போட்ட கிளையில் விழுந்தன. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இலையை மொறுமொறுவென்று தின்றன.

“பசி போல, பாவங்கள்” என்றான் முல்லைத்தீவுக்காரன்.

என் கையிலிருந்த அரம் நின்றுவிட்டது. சீமைக் கருவேல் காயை ஆடு தின்னும். இலையை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். எங்கள் ஊரில் இது பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எழுந்து போய் கிளையைக் கையில் எடுத்தேன். சீமைக் கருவேல் என்றால் கணுவுக்குக் கணு நீளமான முள் இருக்கும். இதில் கணுக்களுக்கு இடையிலெல்லாம் சின்னச் சின்ன முள். காயும் தடிமனாக இல்லை, ஒல்லியாக இருந்தது. வன்னி!

எங்கள் ஊர் சிவன் கோயிலில் வன்னிதான் தல விருட்சம். விசா கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நான் சுற்றி வந்ததே ஒரு வன்னி மரத்தைத்தான். அரபு நாட்டில் வன்னி நிற்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். சீமைக் கருவேலை வெட்டி வெட்டிப் பழகிய என் கண்ணுக்கு முள் இருந்ததெல்லாம் சீமைக் கருவேலாகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் கூட்டாளி நடைமுறையாக யோசித்தான். “மச்சான், வெட்டி முடிச்சிட்டுப் போவம். அந்தாள்தானே வெட்டச் சொன்னது? உண்மையைச் சொன்னா உன்னைப் பிளேன் ஏத்தி விட்டிடுவாங்கள்.”

அவன் சொன்னதில் தப்பில்லை. விசாவுக்கு வாங்கிய கடன் அப்படியே இருந்தது. வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கம்பெனிக்குப் புகார் போனால் விசா கேன்சல்தான். ரம்பத்துக்குப் பல் தீட்டினால் ஒரு மணி நேரத்தில் மரம் விழும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியுமே. இரண்டு தரம் ரம்பத்தை எடுத்தேன், இரண்டு தரமும் கீழே வைத்தேன். கடைசியில், அவர் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு வந்தார். நான் எழுந்து போய், “அர்பாப், தப்பு பண்ணிட்டேன். இது நான் சொன்ன மரம் இல்ல. நல்ல மரம். எங்க ஊருல இதைக் கும்பிடுவோம்” என்றேன்.

அவர் வெட்டுவாயில் கை வைத்துப் பார்த்தார். “இது காஃப். எனக்குத் தெரியும்” என்றார். வன்னிக்கு அரபியில் அதுதான் பேர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துமா வெட்டச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“பேர்தான் தெரியும். தண்ணி குடிக்கும்னு நீதானே சொன்ன? நான் துறைமுகத்து ஆளு. மரத்தைப் பத்தி நீ சொன்னா நான் நம்பாம என்ன செய்யிறது?”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டாமல் சொன்ன அந்தச் சொல்தான் சுட்டது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: இனி பிழைக்குமா?

“பிழைக்க வைக்கிறேன்” என்றேன். இந்தத் தடவை மரத்தை நாலு பக்கமும் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, வெட்டின் ஆழத்தை விரலால் அளந்துவிட்டுத்தான் சொன்னேன்.

மலைக்காற்று சாயங்காலம் இறங்கும். அதற்குள் முடிக்காவிட்டால் வெட்டுவாய்ப் பக்கமாக மரம் முற்றத்தில் சாயும்; கயிற்றுப் பிடி இல்லாமல் தானாக விழுந்தால் ஆட்டுப்பட்டி மேலேகூட விழலாம். வீட்டுப் பிள்ளைகளையும் ஆடுகளையும் அப்புறப்படுத்தச் சொன்னேன். எதிர்வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அர்பாப் தானே போய்ப் பேசி நாலு இரும்புக் குழாய்களை வாங்கிவந்தார். அவற்றை முற்றத்துப் பக்கம் முட்டுக் கொடுத்து, பின்பக்கம் கம்பி வடம் இழுத்து முளையில் கட்டினோம். ஏணியைப் போட்டு ஏறி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முற்றத்துப் பக்கத்துப் பாரத்தைக் குறைத்தேன். கூட்டாளி கீழே நின்று ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் வாங்கி இறக்கினான். ஆரம்பத்தில் அவர் கேட்ட அந்தப் பட்ட கிளையைக் கடைசியாக எடுத்தேன். ஆட்டுச் சாணத்தையும் மண்ணையும் குழைத்து வெட்டுவாயில் அப்பினேன். காற்று வந்தபோது மரம் முனகியது. குழாய்கள் அசையவில்லை.

ஃபோர்மேனிடம் அர்பாப் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேன்சல் வரவில்லை. ஆனால் மரத்து டாக்டர் என்று கூப்பிடுவது மட்டும் அன்றோடு நின்றுவிட்டது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை லீவு நாளில் ஏதாவது ஒரு பிக்கப்பில் தொற்றிக்கொண்டு அங்கே போய்விடுவேன். முட்டுகளைச் சரிபார்ப்பேன், வடத்தை இறுக்குவேன். அந்தக் கோடையில் இலை நிறைய உதிர்ந்தது. பட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை நான் கேட்டுக்குள் நுழையும்போதே அர்பாப் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வெட்டுவாய்க்கு மேலே இரண்டு இடத்தில் பச்சைக் கொழுந்து விட்டிருந்தது. வெட்கம் பார்க்காமல் அழுதேன், அவர் சிரித்தார். அடுத்து வந்த மழையில் கிணற்றில் தண்ணீர் தானாக ஏறியது. மரம் அங்கேயேதான் நின்றது.

இப்போது ஊரில் நர்சரி வைத்திருக்கிறேன். தொழிலில் எனக்குத் திறமை உண்டு, அதைச் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்படுவதில்லை. ஆனால் யாராவது வந்து, “இந்த மரத்தை எடுத்துரலாமா?” என்று கேட்டால், கிட்டே போய் இலையைத் தொட்டுப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை; நான் சொல்லும் ஒரு சொல்லை நம்பி ஒரு மனிதர் தன் வீட்டு நிழலையே என் கையில் ஒப்படைத்துவிடுவார் என்ற பயம் இன்னும் எனக்கு இருக்கிறது, அந்தப் பயம் போகவே கூடாது என்றுதான் நான் கும்பிடுகிறேன்.