பௌர்ணமியில் மூடிய படிக்கட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸ் விடுமுறையில், டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் இருந்து சென்னைக்குப் போகும் வழியில் கம்போடியாவில் மூன்று நாள் இறங்கினோம். நான், என் வீட்டுக்காரர், கல்லூரியில் படிக்கும் மகள். அங்கோர் வாட் கோயிலின் உச்சித் தளத்துக்கு ஏறியே தீருவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதால் வந்த பயணம் அது.

காரணம் உண்டு. எட்டு மாதம் முன்னால்தான் என் வலது முழங்கால் மூட்டை ஆபரேஷன் செய்து மாற்றி வைத்திருந்தார்கள். முதல் வாரம் பாத்ரூம் போகவே வாக்கர் வேண்டியிருந்தது. "இனிமே படியெல்லாம் எதுக்கு? மாடி இல்லாத வீடா பார்த்து மூவ் பண்ணிடலாம்" என்று இவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஐம்பத்து மூன்று வயதில் என்னை மூலையில் உட்காரவைக்கப் பார்க்கிறாரா என்று எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே அந்தக் கோயில் படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஏணி மாதிரி செங்குத்தாக நிற்கும் அந்தப் படிகளில் ஏறி இறங்கிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முன்னால். பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த இந்தப் பாடத்தை வீட்டுப் படிகளில் தினமும் செய்து பார்த்தேன்.

மகள் போட்ட திட்டப்படி அங்கோர் வாட் முதல் நாள். மாற்றியது நான்தான். ஃபோனில் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் இரண்டாம் நாள் பௌர்ணமி. விஷ்ணுவுக்குக் கட்டிய அவ்வளவு பெரிய கோயிலுக்குப் பௌர்ணமியை விட்டுவிட்டு யாராவது வேறு நாளில் போவார்களா? "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ டேட்" என்றாள் மகள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பௌர்ணமியன்று உள்ளூர்ப் பெண்கள் வெள்ளை உடையில், தாமரை மொட்டும் ஊதுபத்தியுமாக வந்துகொண்டிருந்தார்கள். நான் மெல்ல நடந்து உச்சிப் படிக்கட்டின் அடிக்குப் போனால், குறுக்கே கயிறு கட்டியிருந்தது. சீருடை போட்ட ஒரு காவல்காரப் பெண்மணி பக்கத்தில் நின்றார். இப்போது அது பௌத்தர்கள் கும்பிடும் கோயில்; அவர்களின் விரத நாட்களில் மேல் தளத்தை மூடிவிடுவார்களாம். மாதத்தில் நான்கு நாள்தான் அப்படி மூடுவது, அதில் பௌர்ணமி ஒன்று. நான் பஞ்சாங்கம் பார்த்துத் தேடிப் பிடித்த நாள்.

என் தப்பு என்று அப்போதே ஒத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு வந்ததோ ஆத்திரம். அமெரிக்காவிலிருந்து வருகிறேன், முழங்காலில் ஆபரேஷன், இது எங்கள் சாமிக்குக் கட்டிய கோயில், எங்களைத் தடுக்க நீ யார் என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்மணியின் முகம் சுண்டிப்போனது. "மேடம், டுமாரோ" என்று மட்டும் சொன்னார்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "தே ஆர் பிரேயிங் ஹியர், அம்மா. வீ ஆர் த டூரிஸ்ட்ஸ்" என்றாள்.

மறுநாள் மதியம் சென்னைக்கு விமானம். ஏர்போர்ட் ஒரு மணி நேரத் தொலைவு. "ஃப்ளைட்ட மிஸ் பண்ணப் போறோம், விடேன்" என்றார் இவர். "நீங்க பெட்டியோட போங்க, நான் டாக்சி பிடிச்சு வந்துடறேன்" என்றேன். இவர் என்னைத் தனியாக விடமாட்டார் என்பது தெரிந்துதான் சொன்னேன். காலையில் பெட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு மூவருமே கோயிலுக்குப் போனோம்.

படிக்கட்டின் அடியில் அதே பெண்மணி. எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் எதையும் காட்டிக்கொள்ளாமல், மேலே போவதற்கான அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டார். நல்ல கால் முன்னால், நல்ல கால் முன்னால் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே ஏறினேன். மேலே போய் நின்றதும் அழுதுவிட்டேன். இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

இறங்க வந்தபோதுதான் வினை. கீழே எட்டிப் பார்த்தேன். அடுத்த படியே கண்ணுக்குத் தெரியவில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். முதுகுக்குப் பின்னால் வரிசை நீண்டது. மகள் தைரியம் சொல்கிறாள், இவர் வாட்ச்சைப் பார்க்கிறார், என் கால் நகர மறுக்கிறது.

அந்தப் பெண்மணி கீழிருந்து ஏறி வந்தார். எனக்கு இரண்டு படி கீழே, என்னைப் பார்த்தபடி நின்றார். தன் முழங்கால்களை மாறி மாறித் தொட்டு, எந்தக் கால் என்று ஜாடையில் கேட்டார். நேற்று நான் கத்தியதில் ஆபரேஷன் என்ற ஒன்றை மட்டும் அவர் ஞாபகம் வைத்திருந்தார். வலது காலைக் காட்டினேன். நான் கால் வைக்க வேண்டிய படியைக் கையால் தட்டிக் காட்டினார். வைத்தேன். அவர் ஒரு படி பின்னால் இறங்கி, அடுத்ததைத் தட்டினார். தரை வரும் வரை அப்படியே பின்பக்கமாக இறங்கினார்.

கீழே வந்ததும் "சாரி" என்று கும்பிட்டேன். அவரும் நம்மைப் போலவே கைகூப்பிவிட்டு, அடுத்து நின்றவருக்கு அட்டை மாட்டப் போய்விட்டார். விமானத்தையும் பிடித்துவிட்டோம்.

படி ஏறிய கதையை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இறக்கிவிட்டவரைப் பற்றி இன்றுதான் சொல்கிறேன். நான் பேசிய பேச்சில் அவமானத்தை விட்டுவிட்டு என் வலியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாரே, அப்படி ஒருத்தியாக யாருக்காவது ஒரு முறையேனும் நான் இருந்துவிட வேண்டும்.