மீட்டர் ஓடிய காலி வீடு

பேங்க் லோனுக்காக வீட்டை அளந்து விலை போட்டுக் கொடுக்கிற இஞ்சினியர் நான். வாங்குகிறவர் எனக்குக் காபி தருவார், விற்கிறவர் இளநீர் வெட்டுவார், இரண்டு பேரும் ஒரே வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று எனக்குத்தான் சந்தேகம் வரும். வீடு வாங்கி மாதாமாதம் தவணை கட்டுகிறவர்களே, பங்கு பிரித்த பிறகு அண்ணன் எதிரில் வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர்களே, உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. நீங்கள் பட்ட பாட்டைத்தான் நான் பக்கத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

ஒரே வீடு, மூன்று விலை

ஓமலூரில் ஒருத்தர். காலையில் போன் போட்டார்: லோன் கூடுதலாகக் கிடைக்க வேண்டும், விலையைக் கொஞ்சம் தூக்கிப் போடுங்கள் என்றார். மத்தியானம் மறுபடியும் போன்: பத்திரச் செலவு குறைய வேண்டும், இறக்கிப் போட்டு ஒன்று வேண்டும். சாயங்காலம் நேரிலேயே வந்துவிட்டார். தங்கச்சிக்குப் பங்கு கொடுக்க வேண்டுமாம், கட்டடம் விரிசல் விட்டு இடிந்து விழப்போகிறது என்று ஒரு லெட்டர் தர முடியுமா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, இந்த ஊட்டோட உண்மையான விலை என்னன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றேன். மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை.

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்னங்க சார் பண்றது?"

வரிக்காரர் வந்தார்

சேந்தமங்கலத்து வீட்டை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. விற்கிறவர் பழனிசாமி. அப்பா சம்பாதித்துக் கட்டின வீடு, அப்பா போய்விட்டார், உயிரோடு இருக்கிற வாரிசு தான் ஒருத்தன்தான் என்று சான்றிதழ் வைத்திருந்தார். வாங்குகிறவர் நாமக்கல்லில் கோழித்தீவன வியாபாரி. "ஊடு காலிங்க. அப்பா போனதுல இருந்து பூட்டித்தான் கெடக்குது" என்று பழனிசாமி முன்வாசல் பூட்டைத் திறந்தார். உள்ளே நிஜமாகவே தூசி.

கரண்ட் மீட்டரைப் போட்டோ எடுப்பது என் வழக்கம். கேமராவைத் தூக்கினால், மீட்டரில் சிவப்பு விளக்கு படபடவென்று மின்னுகிறது. நிற்கிறது. மறுபடியும் மின்னுகிறது. காலி வீட்டு மீட்டர் இப்படி அடித்துக்கொள்ளாது. "ஃபேனை நிறுத்தாம உட்டிருப்பனுங்க" என்றார் பழனிசாமி, நெற்றியைத் துடைத்துக்கொண்டே. வீட்டின் கடைசியில் ஒரு ரூம் சாத்தியிருந்தது. பழைய சாமான், அங்கே வேண்டாம் என்றார். உள்ளே அளக்காமல் எழுத மாட்டேன் என்று நான் கதவைத் தட்டினேன். உள்ளே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நின்றது.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும், கழுத்தில் தையல் டேப். மகேஸ்வரி, பழனிசாமியின் தம்பி மனைவி. தம்பி போர்வெல் லாரியோடு வடக்கே போன இடத்தில் விபத்தில் இறந்தவர், குழந்தை கிடையாது. அந்த ரூமிலேயே சமைத்து, அங்கேயே தைத்துப் பிழைக்கிறார், பின்சந்து வழியாகப் போய்வருகிறார். இன்றைக்கு வரிக்காரர் வருகிறார், ஆள் இருப்பது தெரிந்தால் வரியை ஏற்றிவிடுவார், மூச்சுக் காட்டாதே என்று மூத்தவர் பழனிசாமி சொல்லி வைத்திருக்கிறார். கல்யாண ஜாக்கெட் அவசரம், அதனால் மோட்டார் வைத்த தையல் மிஷினை நிறுத்த முடியவில்லையாம். "வரி ஏத்திப்போடாதீங்க சார்" என்று கும்பிட்டார். என் வாய் சும்மா இருக்குமா? "நான் வரிக்காரன் இல்லைங்க. ஊட்டை விக்கறாங்கல்ல, அதுக்கு விலை போட வந்தவன்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். மூத்தவரைப் பார்த்தார்.

"எந்த ஊட்டைங்க?"

குடியிருப்பவர்

பழனிசாமி என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்துவிட்டார். "எந்தம்பி அப்பாவுக்கு முன்னாடியே போயிட்டானுங்க. அப்பன் இருக்கறப்பவே செத்தவனுக்கு ஏதுங்க பங்கு? அவனுக்கே இல்லாதது அவம் பொண்டாட்டிக்கு எப்படி வரும்?" அவர் திருட்டு முழி முழிக்கவில்லை. மனசார நம்பினார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பக்கம் பாதிக் குடும்பங்களில் இதே நினைப்புதான். அப்படியில்லை, அப்பா எழுதி வைக்காமல் போனால், முன்னால் செத்த மகனின் மனைவிக்கும் அந்தப் பங்கு உண்டு என்று சொன்னேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பழனிசாமி போன் போட்டுச் சொல்ல, தீவன வியாபாரி என்னிடம் பேசினார். எனக்கு நிறைய வேலை பிடித்துக் கொடுப்பவர். "காலின்னு எழுதிட்டுக் கெளம்புங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

மறைக்க மாட்டேன், என் பேனா ரிப்போர்ட்டில் 'காலி' என்கிற கட்டத்துக்குப் போய்விட்டது. அப்போது மகேஸ்வரி வாசலுக்கு வந்து, "சார், அந்தப் பேப்பர்ல எம் பேரு எங்கயாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். பத்துப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. சீ, என்ன பிழைப்பு என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. குடியிருப்பவர் என்ற இடத்தில் அவர் பெயரையும், இறந்த இளைய மகனின் மனைவி என்பதையும் எழுதி, அவரிடமே படிக்கக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். பழனிசாமிக்கு முகம் கறுத்துவிட்டது.

"இஞ்சினியரே, நீங்க ஊட்டை அளக்க வந்தீங்களா, உடைக்க வந்தீங்களா?"

விலை சொல்லுங்க

பேங்க் வக்கீல் அந்த ஒரு வரியைப் பார்த்து ஃபைலை நிறுத்திவிட்டார், மகேஸ்வரி கையெழுத்து இல்லாமல் நகராது என்றார். பிறகு எட்டு மாதம் சொந்தக்காரர்கள் ஜோடி ஜோடியாக அவர் ரூமுக்கு வந்துபோனார்கள். "ஒண்டிக்கட்டைக்கு ஊடு எதுக்கு அம்மிணி? சும்மா ஒரு கையெழுத்துப் போட்டு உட்டுரு." சமையல் தண்ணீருக்கு வரும் பைப்பைக்கூட ஒரு வாரம் அடைத்து வைத்தார்கள். அவர் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் பழனிசாமி இறங்கி வந்தார். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது, பாதி வீடு மகேஸ்வரி பெயருக்கு வந்தது.

அடுத்த வாரமே எனக்குப் போன்: தன் பாதியை அளந்து விலை சொல்ல வேண்டுமாம். ஓடினேன். அளந்தேன். எழுதிக் கொடுத்த தொகையை விரல் வைத்துச் சத்தமாகப் படித்தார். இத்தனை பாடுபட்டு வாங்கினதை விற்கப்போகிறாரா என்று எனக்குப் பதறியது. கேட்டேவிட்டேன்.

"விக்கறதுக்கில்லைங்க சார். சும்மா ஒரு கையெழுத்துன்னு கேட்டாங்களே, எவ்வளவைச் சும்மா கேட்டாங்கன்னு எனக்குத் தெரியோணுமுங்க."

மகேஸ்வரி பெயரை அந்த ரிப்போர்ட்டில் எழுதிய பிறகு தீவன வியாபாரி எனக்கு ஒரு வேலைகூடத் தரவில்லை, இருந்தாலும் நான் முழு மனசோடு கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் அது ஒன்றுதான் என்று வீட்டில் பெருமையடித்தால், அப்படியானால் மற்றதெல்லாம் என்ன என்று என் மனைவி கேட்டுத் தொலைக்கிறாள்.