மீன் படம் இல்லாத கருவாட்டுப் பக்கற்

உட்துறைமுக வீதியில் நான் மெய்ப்புப் பார்க்கும் அச்சகத்தில், பாலையூற்றிலிருந்து வரும் ஒரு பிள்ளை வடிவமைப்பு வேலை செய்கிறாள். மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் இடது கையில் கைபேசி இருக்கும். அதில் நாடகம் ஓடாது. வடிவமைப்புக்காக வெளிநாடுகளில் கொடுக்கப்படும் விருதுகளின் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களுக்கு வருபவை பெரும்பாலும் கலியாண அழைப்பிதழ்களும் பூப்புனித நீராட்டு விழாப் பதாகைகளும்தான். “ஒரு விரல் வைக்க வெறும் இடம் விடமாட்டினம் அன்ரி” என்று சலித்துக்கொள்வாள்.

சென்ற ஆண்டு அவ்விருதுகளில் ஒன்றுக்கு, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களின் பிரிவில் அனுப்புவதென்று தீர்மானித்தாள். அடுத்த முறை வயது கடந்துவிடும். நிபந்தனை இதுதான்: வேலை உண்மையாகவே கடைக்குப் போய் விற்பனையாகியிருக்க வேண்டும், வேலையைக் கொடுத்தவர் அதைக் கையொப்பமிட்டு உறுதிசெய்ய வேண்டும்.

அந்த வாரம் கிண்ணியாவைச் சேர்ந்த, நாங்கள் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் கருவாட்டு வியாபாரி ஒருவர், தன் நகரக் கடைக்குப் பக்கற் அடிக்க வந்திருந்தார். துள்ளும் மீனும் தொப்பி போட்ட தன் படமும் வேண்டுமென்றார். கேட்டதைச் செய்து கொடுத்த பிள்ளை, கூடவே தன்னுடையதையும் நீட்டினாள். முழுக்க வெள்ளை. நடுவில் அடிவானமாக ஒரு மெல்லிய நீலக் கோடு. கீழே சிறிய எழுத்தில் மீனின் பெயர் மட்டும், ‘கட்டா’.

“மீனெங்க புள்ள?”

“உள்ளதானே இருக்கு நானா.”

“அது எனக்குத் தெரியும். வாங்குறவனுக்கு? மருந்துக் கடைச் சாமான் மாதிரிக் கிடக்கே!”

ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் அடிக்கச் சம்மதித்தார். இரண்டு வகையையும் கடையில் ஒரே தட்டில் வைத்தார். மீன் படம் போட்டவை போய்க்கொண்டே இருந்தன. வெள்ளைப் பக்கற்றுகளை யாரும் எடுக்கவில்லை. அவள் கையொப்பம் கேட்டுப் போனபோது நானும் கூடப் போனேன்.

“கடையில வச்ச எண்டு எழுதுங்க, சைன் வைக்கிறன். வித்த எண்டு எழுத ஏலாது. விக்கட்டும், வாங்க.”

விண்ணப்ப முடிவு நாள் நெருங்கியது. எங்கள் அச்சு இயந்திரத்தை ஓட்டுபவர் ஒரு வழி சொன்னார்: “ஆளுக்கு ரெண்டு வாங்குவம். எங்களுக்குக் கறியும் ஆச்சு, உமக்கு விருதும் ஆச்சு.”

“அப்ப விருதையும் நீங்களே அடிச்சுத் தாங்கோவன் அண்ணை. மெசின் இருக்குத்தானே” என்றாள். அவர் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

முடிவு நாளுக்கு முதல் நாள் காலையில் வியாபாரி தொலைபேசியில் அழைத்தார். அவர் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“தங்கச்சி, ஒங்கட வெள்ளைப் பக்கற் அவ்வளவும் போயிட்டு!”

“ஆர் நானா வாங்கினது?”

“கொழும்பில வேலை செய்ற ஒரு புள்ள. மாடி வீடாம். லிப்டுல கருவாட்டோட ஏறினா எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்கிறாங்களாம். இதப் பாத்தா கருவாடு எண்டே தெரியாதாம். நான் குறையெண்டு சொன்னதுக்கு அவ காசு தந்துட்டுப் போறா!”

இயந்திரக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. விண்ணப்பத்தில் அவள், இந்த வடிவமைப்பு விடியற்காலைக் கடலின் அமைதியை வாங்குபவரிடம் கொண்டுசேர்க்கிறது என்று எழுதி வைத்திருந்தாள்.

“கடலெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை அன்ரி” என்றாள். எனக்கும் அது கோடாகத்தான் தெரிந்திருந்தது.

பின்னேரம் கடைக்குப் போனோம். வியாபாரி பேனையை எடுத்தார், உடனே கையொப்பம் வைக்கவில்லை.

“அந்தப் புள்ள சொன்னதையும் எழுதுவீங்கதானே? அதுதான் நடந்தது.”

“எழுதினா பகிடி பண்ணுவினம் நானா.”

“பண்ணட்டுமே.”

அவள் தாளை அவர் முன்னால் நேராக்கி வைத்தாள். பிறகு, “ஓம், எழுதுறன்” என்றாள். அவர் கையொப்பமிட்டார்.

அச்சகத்துக்குத் திரும்பியதும் கடலைப் பற்றிய பந்தியை முழுதாக அழித்தாள். கருவாடு விரும்பும் ஒரு பெண், யாரும் முகம் சுளிக்காமல் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக இந்தப் பக்கற் உதவியது என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, வடிவமைத்தவர் எண்ணியது இதுவல்ல என்றும் சேர்த்தாள். கடைசி வசனம் தேவையில்லை என்று எனக்குப் பட்டது. அவள் எடுக்கவில்லை. அப்படியே அனுப்பினாள்.

முடிவுகள் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளிவந்தன. வென்றவர்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்; பிறகு முதற் பரிசு பெற்ற தீப்பெட்டியின் படத்தைக் கைபேசியில் திறந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு அன்ரி. இதுக்குக் குடுக்கத்தான் வேணும்.”

“சோறு ஆறுது பிள்ளை.”

“பொறுங்கோ” என்று படத்தைப் பெரிதாக்கினாள், தீப்பெட்டி அட்டையின் மடிப்பு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்க.