டர்போவுக்கும் வாட்டம் வேண்டும்

மூன்று வாரமாக என் டீசல் கார் கொசு மருந்து வண்டி மாதிரி புகை விட்டுக்கொண்டிருந்தது.

இன்று காலை தாடிக்கொம்பு ரோட்டில் இருக்கும் ஆரோக்கியசாமியின் ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். அவருக்கு வீடு கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் நான்தான். அந்த உரிமை.

பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தவர், "இந்த டர்போவ யாரு சார் கழட்டி மாட்டுனது?" என்றார்.

போன மாதம் வேறொரு மெக்கானிக் என்றேன்.

"கோணலா திருப்பி மாட்டிட்டாரு. ஆயில் உள்ள போறதுக்கு பிரஷர் இருக்கு. வெளிய வாரதுக்கு ஒண்ணும் கிடையாது, தானா வடியணும். வடியுற ஓட்டை கீழ பாக்காம சைடுல பாக்குது. வாட்டம் இல்ல சார். ஆயில் உள்ளயே நின்னு, கசிஞ்சு எரியுது. அம்புட்டுத்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வாட்டம் பாக்கத் தெரியாதவனெல்லாம் எதுக்குய்யா தொழிலுக்கு வாரான்?"

ஆரோக்கியசாமி கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "எங்க வீட்டுலயும் அதத்தான் சார் கேக்குறாக. பாத்ரூம்ல ஊத்துற தண்ணி பூராம் ஹாலுக்குல்ல வருது."

மதியத்துக்குள் டர்போவை நேராகத் திருப்பி மாட்டிவிட்டார். புகை நின்றுவிட்டது. அவர் வீட்டுத் தரையை அப்படித் திருப்ப வழியில்லை.

என்னிடம் வீடு கட்டிக்கொண்ட நண்பர்கள், பின்னூட்டத்தில் தயவுசெய்து காரைப் பற்றி மட்டும் பேசவும்.