கம்பிவேலிக்கு உள்ளே நாங்களும்

தாம்பரத்தை அடுத்த எங்கள் ஊர் ஏரியில் அரசாங்கம் படகுச் சவாரி தொடங்கிய தொண்ணூறுகளில், நான் கரையில் வேர்க்கடலை அவித்து விற்றுவந்தேன். ஒருநாள் கம்பிவேலி போட வந்தவர்கள் கடைகளைக் காலி செய்யச் சொன்னார்கள். பிழைப்பே போயிற்று என்று நான் அடுப்பை அணைத்துச் சட்டியை எடுத்துவைக்கத் தொடங்கினேன். பக்கத்தில் மீன் வறுத்து விற்ற மேரி அக்காதான் எங்கள் எல்லாரையும் அதிகாரியிடம் கூட்டிப்போனார்.

"ஏரி கவர்மென்ட்டோடதும்மா," என்றார் அதிகாரி.

"இருக்கட்டும் சார். சுத்திப் பாக்க வர்றவங்க பசிச்சா இன்னா பண்ணுவாங்க? எங்களையும் உள்ள வெச்சு வேலி போடுங்க," என்றார் அக்கா.

அதிகாரி நேரில் வந்து பார்த்தார். வேலியைக் கடைகளுக்கு வெளிப்புறமாகத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டார்.

இப்போதெல்லாம் ஊருக்கு எந்தத் திட்டம் வந்தாலும், முதல் கூட்டத்திலேயே எழுந்து, "இதுல எங்களுக்கு இன்னா கீது சார்?" என்று கேட்டுவிடுகிறேன்.