இரண்டு துப்பாக்கிகள் ஏறிய பஸ்

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் என் அமெரிக்க நண்பர் டேவிட்டுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. எதிரெதிர் சீட்டில் இரண்டு பங்காளிகள், ஆளுக்கொரு துப்பாக்கியைக் கோணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வரப்புத் தகராறில் கத்துகிறார்கள்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும், அதற்காகத்தான் போகிறார்கள் என்று விளக்குகிறேன்.

டேவிட் நம்பவில்லை. "கேட்டதும் கொடுக்கிறார்களா? எங்கள் ஊரில் கேட்க வந்த அதிகாரியைத்தான் முதலில் சுடுவார்கள்!"

இதை நான் தமிழில் சொல்ல, மீசைக்காரப் பங்காளி சண்டையை நிறுத்துகிறார்.

"எலக்சன் முடிஞ்சா திருப்பிக் குடுத்துடுவாங்கப்பா. அதுவரைக்கும் காட்டுப்பன்னிங்கள தகரம் தட்டித் தொரத்திக்கினு கெடக்கணும். ஏன், அவங்க ஊர்ல திருப்பிக் குடுக்க மாட்டாங்களா?"

டேவிட் யோசிக்கிறார். "தெரியாது. இதுவரை யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை."

அதையும் தமிழில் சொன்னதும் பஸ் முழுக்கச் சிரிப்பு. பட்டுப்புடவை மூட்டையோடு நிற்கும் நெசவாளி குலுங்கிக் குலுங்கி என் மேலேயே சாய்கிறார்.

காஞ்சிபுரத்தில் போலீஸ் ஸ்டேஷன் அருகே எல்லோரும் இறங்குகிறோம். வரப்புச் சண்டை மறுபடி சூடுபிடிக்கிறது. திடீரென்று மீசைக்காரர் தன் துப்பாக்கியை எதிராளியிடம் நீட்டுகிறார்.

"இத கொஞ்சம் புடி. வேட்டி அவுந்துக்கினு போவுது."

அவரும் திட்டிக்கொண்டே வாங்கிக்கொள்கிறார். இரண்டு துப்பாக்கிகளோடு நிற்கும் பகையாளிக்கு முதுகைக் காட்டி, மீசைக்காரர் நிதானமாக வேட்டியை இறுக்கிக் கட்டுகிறார்.

டேவிட் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். "இந்தச் சட்டத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விடலாம். இவர்களை எப்படிக் கொண்டுபோவது?"