பஸ் ஸ்டாண்டு செல் கடையில் என் செல்லோ

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதத்தில், எங்கள் ஊரான பாப்பிரெட்டிப்பட்டியில் நடந்தது இது. அன்று காலையில் பெரியப்பா மகனுக்கு முகூர்த்தம். அதே நாள் சாயங்காலம் நாலு மணிக்கு எனக்கு வீடியோ காலில் ஆடிஷன்.

நான் செல்லோ வாசிக்கிறவள். வயலினை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வளர்த்து, தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்கிற வாத்தியம் என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும். ஏற்காட்டில் ஹாஸ்டலில் படித்தபோது வயலின் வகுப்பில் இடமில்லை என்று இதைக் கையில் கொடுத்தார்கள். வேண்டாவெறுப்பாக வாங்கினேன். அதற்குப் பிறகு அது என்னை விடவில்லை. அந்த வருஷம் பெங்களூரில் ஒரு இசைப்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஒரு சின்ன ஆர்கெஸ்ட்ராவில் கடைசி நாற்காலியில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஐரோப்பாவில் ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா, இளம் கலைஞர்கள் சிலரை இரண்டு வருஷம் கூடவே உட்காரவைத்துப் பழக்குகிறது. அதற்குத்தான் ஆடிஷன். வயது வரம்புப்படி எனக்கு அதுவே கடைசி வாய்ப்பு. வேறு நாள் தர முடியுமா என்று எழுதிக் கேட்டேன், முடியாது என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. கல்யாணத் தேதியை மாற்றச் சொல்லிப் பெரியப்பாவிடம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. காலையில் அட்சதை, சாயங்காலம் ஆடிஷன், இரண்டையும் முடித்துவிடலாம் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து ரயில் ஏறினேன்.

பொம்மிடி ஸ்டேஷனில் சித்தப்பா காரோடு நின்றார். பின் சீட்டில் செல்லோவைப் பெட்டியோடு படுக்கவைத்து நேரே மண்டபத்துக்குப் போனோம். காரைப் புளியமரத்து நிழலில்தான் நிறுத்தினோம். பத்து நிமிஷம் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். ஆனால் கல்யாண வீட்டில் பத்து நிமிஷம் என்று ஒன்று உண்டா? மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை கிடையாது. நாத்தனார் முடிச்சுப் போட நீதான் ஆள் என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் பந்தி, போட்டோ, உனக்கு எப்போது என்ற விசாரணை. வெளியே வந்தபோது மணி பதினொன்றாகிவிட்டது. மரம் அங்கேயே இருந்தது, நிழல் நகர்ந்து போயிருந்தது. கார்க் கதவில் கை வைக்க முடியவில்லை.

என்னிடம் படிக்கிற பிள்ளைகளில் யாராவது செல்லோவை வெயிலில் மூடிய காருக்குள் விட்டதாகத் தெரிந்தால் அரை மணி நேரம் பிரசங்கம் செய்வேன். அன்று எனக்குப் பிரசங்கம் செய்ய ஆள் இல்லை.

சித்தப்பா வீட்டில் பெட்டியைத் திறந்தேன். முறுக்காணிகள் சூட்டில் இளகி, தந்திகள் தொளதொளவென்று கிடந்தன. தந்திகளைத் தாங்குகிற குதிரை சாய்ந்து விழுந்திருந்தது. அதை நானே நிமிர்த்திவிடுவேன். ஆனால் வாத்தியத்தைத் தூக்கியதும் உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. செல்லோவுக்குள்ளே முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில், விரல் பருமனில் ஒரு மரக்குச்சி முட்டுக்கொடுத்து நிற்கும். பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. இறுக்கத்தில் மட்டுமே நிற்கும். அது விழுந்த பிறகு தந்தியை முறுக்கினால் முன்பலகை உள்வாங்கி உடைந்துவிடும். கை விட்டு நிமிர்த்தலாம் என்றால், முகப்பில் இருப்பதே வளைந்த இரண்டு குறுகலான துளைகள்தான்.

பெங்களூரில் எனக்கு வாத்தியம் சரிசெய்து தருகிறவருக்குப் போன் போட்டேன். தந்தியைத் தொடாதே, எடுத்துக்கொண்டு வா, நாளைக்குள் தயார் செய்துவிடுகிறேன் என்றார். நாளைக்கு அது எனக்கு எதற்கு? போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

சத்தம் கேட்டுச் சித்தப்பா வந்தார். "என்ன பாப்பா, என்னாச்சு?"

"செல்லோ போச்சு சித்தப்பா."

"அட, இதுக்குப் போயி அழுவறியா? பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பாய் இருக்கறாரு. தண்ணில வுழுந்ததக்கூட சரி பண்ணிப்புடுவாரு. எடுத்துக்கினு வா, போலாம்."

எங்கள் ஊரில் செல்லோவுக்கு ஒரு ஆளா என்று எனக்கு ஆச்சரியம்தான். ஆனாலும் முழுகுகிறவள் கேள்வி கேட்பாளா? பெட்டியைப் பின் சீட்டில் ஏற்றினேன். அதை ஏன் எடுத்து வருகிறாய் என்று சித்தப்பா கேட்கவில்லை. நான் அதை விட்டுவிட்டு எங்கும் போகமாட்டேன் என்பது குடும்பத்துக்கே தெரிந்த கேலி.

கார் ஒரு செல்போன் ரிப்பேர் கடை வாசலில் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் என் வாத்தியத்துக்குப் பெயர் 'பெரிய பிடில்'. பதினைந்து வருஷமாக அப்படித்தான். செல்லோ என்ற சொல்லை யாரும் வாயில் வைத்ததில்லை. பதற்றத்தில் நான் சொன்ன செல்லோ, சித்தப்பா காதில் செல்லு என்று விழுந்திருக்கிறது.

கடைக்காரருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். "செல்லக் குடுங்க மேடம்" என்று கையை நீட்டினார். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. சித்தப்பா மேல் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், முகம் சுருங்கி நின்றார். கடைக்காரர் நிதானமாக, "அந்தப் பொட்டில என்னங்க?" என்றார். திறந்து காட்டினேன். லேசாகச் சாய்த்துப் பார்த்தார்.

"உள்ள என்னமோ உருளுதுங்களே. அதுக்கு என்னங்க பேரு?"

"பிரெஞ்சுல அதுக்கு உயிர்னு பேருங்க."

"அப்ப உசுரு எங்கயும் போவுலீங்க. உள்ளதான் கெடக்குது."

அவர் கடையில் ஒயர் முனையில் மொச்சைக்கொட்டை அளவு கேமரா ஒன்று இருந்தது. போனில் செருகினால் உள்ளே இருப்பதைப் படமாகக் காட்டும். மோட்டார் மெக்கானிக்குகள் வாங்குவார்கள் என்று வரவழைத்து, ஒருவரும் வாங்காமல் தொங்கிக்கொண்டிருந்ததாம். அதைத் துளை வழியாக விட்டார். உள்ளே விளக்கு எரிய, குச்சி படுத்துக் கிடந்தது தெரிந்தது. அது அதுவரை நின்ற இடத்தில் வட்டமாக ஒரு தடமும் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

பெங்களூர்க்காரரை வீடியோ காலில் பிடித்தேன். அவர் பேசியது கன்னடம். கடைக்காரரும் பெங்களூரில் பல வருஷம் போன் கடையில் வேலை பார்த்தவர். அவ்வளவுதான், இரண்டு பேரும் என்னை ஓரங்கட்டிவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வளைந்த கம்பி ஒன்று வேண்டும் என்றார் அவர். இவர் பக்கத்து பைக் பட்டறையில் பழைய ஸ்போக் கம்பி ஒன்றை வாங்கி, இடுக்கியால் பாம்பு மாதிரி வளைத்து, முனையை அரத்தால் கூராக்கினார். வாத்தியத்தைக் கவிழ்த்துக் குலுக்கிக் குச்சியை வெளியே எடுத்து, கம்பி முனையில் குத்தி, மறுபடி உள்ளே விட்டு நிமிர்த்தினார். விழுந்தது. மறுபடி நிமிர்த்தினார். மறுபடியும் விழுந்தது. போனில் "ஸ்வல்ப எடக்கெ, ஸ்வல்ப" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம்.

கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஒருவர் முணுமுணுத்தார். கடைக்காரர் தலை நிமிராமல், "உங்க போன நாளைக்கிக் குடுத்தாலும் நீங்க பேசிக்கலாங்க. இவங்களுக்கு நாலு மணிக்குங்க" என்றார். முணுமுணுத்தவரே பிறகு டார்ச் பிடித்தார்.

நாலாவது தடவை குச்சி அந்த வட்டத் தடத்தின்மேல் போய் நின்றது. கம்பியை அவர் மெல்ல உருவினார், குச்சி அசையவில்லை. குதிரையை நிமிர்த்தி, தந்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நான் முறுக்கினேன். பலகை தாங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து தடித்த தந்தியில் வில்லை இழுத்தேன். ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. மாட்டியிருந்த போன் கவர்கள் எல்லாம் ஆடின. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எந்தச் சபையிலும் பார்த்ததில்லை.

"நாலு மணிக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க மேடம்" என்று நம்பரைக் கொடுத்தார்.

நாலு மணிக்கு, சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கல்யாண வீட்டு ஜனம் ஒன்றையும் உள்ளே விடாமல் காவல் காத்தார். பழகிப் பார்க்க நேரமே இல்லாமல் வாசித்தேன். பயப்படவும் எனக்கு நேரம் இருக்கவில்லை. சித்தப்பாவிடம் அன்று மாலையே மன்னிப்புக் கேட்டேன். சில வாரம் கழித்து இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது.

அங்கே போன முதல் மாதம், ஆர்கெஸ்ட்ராவின் வாத்தியங்களைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் என் செல்லோவுக்குள் விளக்கு விட்டு நெடுநேரம் பார்த்தார். குச்சி மிகச் சரியான இடத்தில் நிற்கிறது, நான் இதைத் தொடப்போவதில்லை என்றார். யார் நிறுத்தியது என்று கேட்டார். எங்கள் ஊர் செல் மெக்கானிக் என்றேன். அந்த ஊரில் போனை யாரும் செல் என்று சொல்வதில்லை போலிருக்கிறது. "ஓ, செல்லோ மெக்கானிக்" என்று மதிப்போடு தலையை ஆட்டிக்கொண்டார்.

அன்றைக்கே கடைக்காரருக்கு இதை வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். சிரிப்போடு பதில் வந்தது: "அப்ப போர்டுல ஒரு 'லோ' சேத்துரட்டுங்களா?"

இப்போது எனக்கு அங்கேயே நிரந்தர நாற்காலி கிடைத்துவிட்டது. அந்தக் குச்சி அவர் நிறுத்திய இடத்தில்தான் நிற்கிறது. முன்பெல்லாம் நான் சொன்னதை யாராவது தப்பாகக் காதில் வாங்கினால் சுள்ளென்று திருத்துவேன். இப்போது, அவர்கள் என்னை எங்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கொஞ்ச தூரம் கூடவே நடந்து பார்க்கிறேன்.